வாலில் ஒற்றைக் கோடு

டக் டக் டக் டக் என்று நாலு தட்டு, அப்புறம் நீளமாக ஒரு ர்ர்ர், மறுபடி நாலு தட்டு. எலி மூச்சை விட்டுவிட்டு அடுத்த மூச்சை இழுக்காமல் கிடக்கிற அந்த இடைவெளியில்தான் ஸ்கேன் இயந்திரம் படம் எடுக்கிறது. எலி மூச்சு இழுத்தால் இயந்திரம் நிறுத்திக்கொண்டு காத்திருக்கும். ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நிற்கிற இயந்திரம் முன்னூறு கிராம் எலிக்குக் காட்டுகிற மரியாதையை எனக்கு இதுவரை ஒரு மனிதரும் காட்டியதில்லை, நான் பேசும்போது எல்லோரும் நடுவில்தான் புகுவார்கள். திரையின் ஓரத்தில் மீதி நேரம் ஓடுகிறது. முப்பத்தெட்டு நிமிடம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எலி குப்புறப் படுத்திருக்கிறது, மூக்கு மயக்கவாயுக் கூம்புக்குள், வயிற்றுக்குக் கீழே வெந்நீர்க் குழாய், வால் மட்டும் வெளியே தொங்குகிறது, அந்த வாலில் கறுப்பு மார்க்கரால் நான் போட்ட ஒற்றைக் கோடு. ஒற்றைக் கோடு என்றால் ஏழாம் எண். நாலாவது கூண்டு, ஏழும் எட்டும், ஏழுக்கு ஒரு கோடு, எட்டுக்கு இரண்டு. இந்தப் பக்கம் ஞானராஜ் சார் சுடோகு போடுகிறார். இருபது வருடம் ஆஸ்பத்திரியில் மனிதர்களைப் படம் எடுத்துவிட்டு எங்கள் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தவர். "மனுசங்களுக்கு அசையாதீங்க அசையாதீங்கன்னு நூறு தடவ சொல்லணும் செண்பகம், அப்பவும் மூக்கைச் சொறிவாங்க. எலி தங்கம்" என்பார். என் ஹேர்பின்னும் வாட்சும் அவர் மேஜையில் பிளாஸ்டிக் தட்டில் கிடக்கின்றன. பின் இல்லாமல் முடி கண்ணில் விழுகிறது. தள்ளிவிடுகிறேன். விழுகிறது.

முதல் படம் வந்துவிட்டது. வராமலே இருந்திருக்கலாம். நல்ல ஈரல் இந்தத் திரையில் தண்ணீர் தெளித்த சிமெண்டுத் தரை மாதிரி ஒரே சாம்பலாக இருக்கும், பார்க்கச் சலிப்பாக இருக்கும், அந்தச் சலிப்புதான் ஆரோக்கியம். கெட்ட ஈரலில் நீர் கோத்த இடம் வெளுப்பாகத் தெரியும், தழும்பு விழுந்த இடம் திட்டுத்திட்டாகத் தெரியும். எலியை அறுக்காமலே, அதே எலியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்து, ஈரல் எப்போது கெட ஆரம்பிக்கிறது என்று சொல்லிவிட முடியுமா என்பதுதான் என் ஆராய்ச்சி. இருபத்துநாலு எலி, பன்னிரண்டு கூண்டு, கூண்டுக்கு இரண்டு. ஒன்றுக்கு ஈரலைக் கெடுக்கிற சிடிசி என்கிற கார்பன் டெட்ராகுளோரைடை எண்ணெயில் கலந்து ஊசி, இன்னொன்றுக்கு வெறும் எண்ணெய் ஊசி. வாரம் இரண்டு முறை, எட்டு வாரம். எந்த எலிக்கு எது என்பது எனக்கும் என் ஆராய்ச்சி வழிகாட்டி மேடத்துக்கும் மட்டும் தெரியும், ஞானராஜ் சாருக்குத் தெரியக்கூடாது. ஏழாம் எண் வெறும் எண்ணெய் எலி. அதன் ஈரல் சிமெண்டுத் தரையாக இருக்க வேண்டும். திரையில் இருப்பது பெயிண்ட் உரிந்த சுவர். ஞானராஜ் சார் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்க்கிறார். "இது மருந்து எலிதானம்மா?" "அது நீங்க கேக்கக் கூடாது சார்." "சரி சரி, கேக்கல." மறுபடி சுடோகு. அவர் கேட்கவில்லை. ஆனால் கேட்டுவிட்டார். என் கை மேஜைக்கடியில் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பதற்றம் என்று சொல்ல முடியாது, எனக்குப் பதற்றம் எப்போதும் மூன்று நாள் கழித்துத்தான் வரும். ஆனால் எனக்குத் தெரியும். படத்தைப் பார்த்த அந்த நொடியே தெரிந்துவிட்டது. ஏன், இரண்டு வாரமாகவே தெரியும், தெரியாத மாதிரி பக்கத்தில் உட்கார வைத்திருந்தேன்.

எலி வாலில் போட்ட மை ஒரு வாரம்தான் தாங்கும். நக்கியே அழித்துவிடும், அதுவும் ஒன்றின் வாலை இன்னொன்று நக்கும், அத்தனை பாசம். அதனால் வெள்ளிக்கிழமை தோறும் உமி மாற்றும்போது கோட்டையும் புதுப்பிப்பேன். ஒன்றை எடு, கோடு போடு, புதுக் கூண்டில் விடு, பிறகு அடுத்ததை எடு. இது விதி. இரண்டு வாரத்துக்கு முந்தின வெள்ளி, பதினோரு கூண்டுக்கும் அப்படித்தான் செய்தேன். நாலாவது கூண்டுக்கு மட்டும், இரண்டு எலியையும் ஒரே பெட்டியில் போட்டேன், போன் அடித்தது, அப்பா. தினமும் ஒன்றேகாலுக்கு, சாப்பாடு முடிந்ததும் அப்பா கூப்பிடுவார், கேட்பதற்கு ஒன்றும் இருக்காது, சாப்பிட்டாயா என்பார், சாப்பிட்டேன் என்பேன், அவ்வளவுதான். அன்றைக்கு மட்டும் விஷயம் இருந்தது. "புது ரிப்போர்ட் வந்துருச்சு தாயி. ஈரல் இன்னுங் கொஞ்சம் சுருங்கியிருக்காம். டாக்டர் ஒண்ணும் பெருசா சொல்லல." கையுறையைக் கழற்றிவிட்டு நடைபாதையில் நின்று ஆறேழு நிமிடம் பேசினேன். திரும்பி வந்து பார்த்தால் பெட்டிக்குள் இரண்டு வெள்ளை எலி, இரண்டு வெளுத்த வால். ஒன்றில் ஒரு நிழல், இன்னொன்றிலும் ஒரு நிழல். விளக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். பக்கத்து மேஜையில் தராசு இருந்தது, நிறுத்துப் பழைய எடையோடு ஒப்பிட்டிருந்தால் இரண்டு நிமிட வேலை. செய்யவில்லை. மூலையில் ஒன்று முடி சிலிர்த்து, கண் பாதி மூடி, குந்தியிருந்தது. இன்னொன்று பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது. பார்த்தாலே தெரிகிறதே, சோர்ந்ததுதான் மருந்து எலி என்று அதற்கு இரண்டு கோடு போட்டேன். சுறுசுறுப்புக்கு ஒற்றைக் கோடு. திங்கட்கிழமை ஊசி போடும்போதுதான் சோர்ந்த எலியின் காதுக்குப் பின்னால் பல் பட்ட காயத்தைப் பார்த்தேன். கூட இருந்தது கடித்திருக்கிறது, அதனால்தான் மூலையில் குந்தியிருக்கிறது. அப்படியானால் என்று ஒரு நினைப்பு தலையை நீட்டியது. மருந்தை அழுத்தி முடித்திருந்தேன். நினைப்பை உள்ளே தள்ளிவிட்டேன். பார்த்தாலே தெரிகிறதே. இந்த வார்த்தையை நான் வேறு எங்கே கேட்டிருக்கிறேன் என்று இப்போது யோசிக்கத் தேவையில்லை, இருபத்தொன்பது நிமிடம் இருக்கிறது, டக் டக் டக் டக்.

எங்கே கேட்டேன், எங்கள் வீட்டுக் கூடத்தில் கேட்டேன். அப்பாவைக் காட்டிப் பெரிய மாமா சொன்னார், "ஆளப் பாத்தாலே தெரியுதே, மஞ்சக் கண்ணு, குச்சிக் கால்." கோவில்பட்டி மெயின் ரோட்டில் இருந்து உள்ளே தள்ளி குரு டி.வி. சர்வீஸ், குருநாதன் என்பது அப்பா பெயர். ஜன்னல் இல்லாத கடை. பழைய பிக்சர் டியூப் டி.வி.க்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் காந்தத்தை நான் கொண்டுபோனால் திரையில் பச்சையும் ஊதாவுமாகத் திட்டு விழும், அப்பா ஒரு வளையத்தை வட்டமாகச் சுற்றிச் சுற்றி அதை எடுப்பார், நிறம் எல்லாம் கலங்கி, சுழன்று, சட்டென்று தெளியும், எனக்கு அது மந்திரம். காந்தத்தின் மேல் ஆசை அங்கே வந்ததுதான். மற்ற எல்லாக் கோளாறுக்கும் அப்பாவிடம் ஒரே மருந்து, சிடிசி. வால்யூம் கரகரத்தால் சிடிசி, சேனல் மாறாவிட்டால் சிடிசி, வீடியோ டெக்கில் படம் தெளியாவிட்டால் பஞ்சில் நனைத்து சிடிசி. மதுரையில் சில்லறையாக வாங்கி வருவார், வாங்கி வைத்திருந்தது ஒரு பழைய பிராந்திக் குவார்ட்டர் பாட்டிலில். நான் அப்போது பிளஸ் ஒன். தூக்குவாளியில் சாப்பாடு கொண்டுபோனேன், அப்பா யார் வீட்டுக்கோ டி.வி. பார்க்கப் போயிருந்தார், கடை சும்மா சாத்தியிருந்தது. அலமாரியில் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் அந்தப் பாட்டில். எடுத்து மோந்தேன். தித்திப்பாக, கொஞ்சம் தலையைச் சுற்றுகிற மாதிரி ஒரு வாசனை. எனக்குச் சாராய வாசனை என்னவென்று தெரியாது, அதனால் இதுதான் சாராயம் என்று தெரிந்துகொண்டேன். மூடியைப் போட்டு, கை வலிக்க இறுக்கி, இருந்த இடத்தில் வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். கடையில் பாட்டில் இருக்கிறது என்று மட்டும்தான் சொன்னேன். அது போதாதா. மாமாக்கள் வந்தார்கள். அப்பா, "நான் குடிக்கல" என்று சொன்னார். ஒருமுறைதான் சொன்னார், சத்தம்கூடப் போடவில்லை, சத்தம் போட்டிருந்தால் ஒருவேளை நம்பியிருப்போம். நானும் நம்பவில்லை. மூன்று வருடம் கழித்து வயிறு வீங்கியபோது டாக்டர் குடிக்கிறீர்களா என்று கேட்கவில்லை, எத்தனை வருடமாகக் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்பார்கள், எங்கள் ஊர் வாயைத் திறந்துவிட்டதே நான்தான். அப்புறம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த முதல் மாதம், புகைபோக்கி அலமாரிக்குள் கையை விட்டு சிடிசி பாட்டிலின் மூடியைத் திருகினேன். காற்று உள்பக்கமாகத்தான் இழுக்கும், ஒன்றும் வெளியே வரக்கூடாது, ஆனாலும் ஒரு துளி மூக்குக்கு எட்டியது. தித்திப்பு. வெளியே வந்து படிக்கட்டில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அழுதேன், அதைச் சொல்ல வெட்கமில்லை. அது சாராயம் இல்லை, டி.வி. துடைக்கிற மருந்து, பன்னிரண்டு வருடம் மூடின அறையில் அதை மோந்து மோந்துதான் ஈரல் போயிருக்கும் என்று அன்றே போனில் அம்மாவிடம் சொன்னேன். "இப்பச் சொல்லி என்ன ஆகப்போவுது" என்றாள் அம்மா. அப்பாவிடமும் சொன்னேன், "ஆமா, தலை வலிக்கும்" என்றார். பாட்டிலைப் பற்றி அன்றைக்கு அம்மாவிடம் சொன்னது யார் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

பதினேழு நிமிடம். யோசித்தால் ஒரு வழி இருக்கிறது, அது நல்ல வழி, அழகான வழி. ஊசி போட்ட எலி சிடிசியின் ஒரு பங்கை மூச்சில் வெளியே விடும். இது பொய் இல்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதே கூண்டில், அதே உமியில், எட்டு வாரமாக அந்தக் காற்றை இழுத்த எண்ணெய் எலி. ஊசி படாமலே ஈரல் கெட்ட எலி. மூன்று மணிக்கு மேடத்திடம் படங்களைக் காட்ட வேண்டும், இதைக் கேட்டால் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். "செண்பகம், இது முக்கியமான விஷயம்மா" என்பார். அந்தக் குரல் எனக்கு இப்போதே கேட்கிறது. மூச்சில் வரும் அளவு இவ்வளவு பெரிய தழும்பைத் தராது என்று எனக்குத் தெரியும், அப்படித் தருமென்றால் மற்றப் பதினோரு எண்ணெய் எலியும் ஏன் சிமெண்டுத் தரையாக இருக்கின்றன என்றும் தெரியும். ஆனால் பேச ஆரம்பித்தால் இதற்கும் ஒரு பதில் வராமலா போகும். குடிக்காதவனுக்கும் கெடும், மூச்சு விட்டாலே கெடும் என்று ஒரு எலி எனக்காகச் சாட்சி சொன்னால் எப்படி இருக்கும். பெரிய மாமாவிடம் கொண்டுபோய்ப் படத்தைக் காட்டலாம். அப்பா உண்மையைச் சொன்னார், ஒருவரும் நம்பவில்லை. நான் பொய்யைச் சொன்னால் எல்லோரும் நம்புவார்கள். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்றும் பார்த்துவிட வேண்டும். ஒரு கூண்டில் மாற்றிப் போட்டவள் மற்றக் கூண்டுகளில் போட்டிருக்க மாட்டாள் என்று மேடம் ஏன் நம்ப வேண்டும்? எட்டு வாரமும் குப்பைக்குப் போகும். மறுபடி அனுமதிக் குழு, மறுபடி இருபத்துநாலு எலி, மறுபடி ஊசி, இந்தத் தடவை முடிக்க எனக்கு நேரமும் இல்லை, மார்ச்சுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். ஒருத்தி வாயைத் திறந்தால் இருபத்துநாலு எலி சாகும். நன்றாக இருக்கிறது இல்லையா, பொய் சொல்வதற்கு ஜீவகாருண்யம் வேறு துணைக்கு வருகிறது. முடி கண்ணில் விழுகிறது. நோட்டைப் பிரித்தேன், எதையாவது பிரிக்க வேண்டும்போல் இருந்தது. எடைக் கணக்கு. ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் நானே நிறுத்து நானே எழுதியது. ஏழு, வெள்ளிக்கு முந்தின வியாழன், முன்னூற்றுப் பன்னிரண்டு கிராம். திங்கள், இருநூற்று எண்பத்தேழு. எட்டு, வியாழன், இருநூற்று எண்பத்துநாலு. திங்கள், முன்னூற்றுப் பதினொன்று. இரண்டு எலியும் நாலு நாளில் ஒன்றின் எடையை இன்னொன்றிடம் கொடுத்துவிட்டன. என் கையெழுத்து, முத்து முத்தாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். எழுதியிருக்கிறேன், பார்க்கவில்லை. மற்றக் கூண்டுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன், ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, பன்னிரண்டு வரை. எல்லாம் ஏறுகிற எலி ஏறி, இறங்குகிற எலி இறங்கி, ஒழுங்காகப் போகின்றன. நாலில் மட்டும்தான் தாவல். மேடம் இதைப் பார்த்தால் நம்பலாம். நம்பாமலும் போகலாம். ஆனால் நோட்டு ஒன்று இருக்கிறது. அப்பாவுக்கு அன்றைக்கு இப்படி ஒரு நோட்டு இல்லை, அவர் பக்கம் ஒரு எண்கூட இல்லை, வெறும் வாய்வார்த்தைதான் இருந்தது.

ஆறு நிமிடம் இருக்கும்போது வாயைத் திறந்தேன். இன்னும் ஒரு சுற்று யோசித்திருந்தால் காற்று என்றுதான் வந்திருக்கும், அதனால் யோசிக்கவில்லை. "சார், இது ஏழு இல்ல. காலையில எடுத்த எட்டும் எட்டு இல்ல. வால்ல கோட்டை நான் மாத்திப் போட்டுட்டேன். ரெண்டு வாரமா ஊசியும் மாறிப் போயிருக்கு." ஞானராஜ் சார் பேனாவை மூடினார். "எங்கிட்ட எதுக்கும்மா சொல்ற? நான் படம் எடுக்கறவன்." "முதல்ல யார்கிட்டயாவது சொல்லிட்டாத்தான் சார் மேடம்கிட்ட சொல்லுவேன். இல்லைன்னா மூணு மணிக்குள்ள வேற கதை தயாராயிரும்." அவர் என்னை ஒருமுறை பார்த்தார், திரையை ஒருமுறை பார்த்தார். "ஆஸ்பத்திரியில இருக்கும்போது ஒரு தடவ இடது காலுக்கு வலதுன்னு எழுதிட்டேன். அரை நாள் வாயே திறக்கல. அந்த அரை நாள் இன்னும் வயித்துல இருக்கு" என்றார். "படத்துக்குக் கீழ குறிப்பு போட்டுர்றேன். என்ன போடட்டும்?" நான் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். அடையாளக் குறி ஆறாம் வார இறுதியில் மாறியிருக்கிறது, தவறு செண்பகவல்லி. என் பெயரை அங்கே பார்ப்பது நல்லாவே இல்லை. ஆனாலும் படித்துப் பார்த்து, 'மாறியிருக்கிறது' என்பதை 'மாற்றப்பட்டது' என்றுகூட வேண்டாம், 'மாற்றிவிட்டேன்' என்று போடச் சொன்னேன். நோட்டிலும் திங்கட்கிழமைப் பக்கத்தில் அதையே எழுதித் தேதி போட்டேன். தட்டல் நின்றது. நின்ற பிறகுதான் அது எவ்வளவு சத்தம் என்று தெரிந்தது. எலியை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். மயக்கம் தெளிய இரண்டு நிமிடம் ஆகும், முதலில் மீசை அசையும், பிறகு ஒரு கால், பிறகு என்னைக் கடிக்கப் பார்க்கும். எட்டாம் எண்ணே, சுறுசுறுப்பாகச் சுற்றினாய் என்று உன்னை ஆரோக்கியமானவன் என்று நினைத்துவிட்டேன். ஈரல் அந்த நிலையில் இருக்கும்போது எப்படித்தான் அப்படி ஓடினாயோ. கூண்டில் விட்டேன். காதுக் காயக்காரன் கிட்டே வந்து மோந்தான். இரண்டு வாலையும் தொடாமல் விட்டேன், இனி மேடம் பார்த்த பிறகுதான்.

ஒன்றேகாலுக்குப் போன் அடித்தது. ஞானராஜ் சார் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வெளியே போனார். "சாப்டாச்சா தாயி?" என்றார் அப்பா. பின்னால் மின்விசிறி கடகடக்கிறது, இத்தனை டி.வி.யைச் சரி செய்தவருக்கு அந்த விசிறியைச் சரி செய்ய மனம் வந்ததில்லை. இன்னும் சாப்பிடவில்லை என்றேன். ஏன் என்றார். ஒரு தப்பு செய்துவிட்டேன், மேடத்திடம் மூன்று மணிக்குச் சொல்லப் போகிறேன் என்றேன். "சொல்லிரு. சாப்பிட்டுட்டுப் போயிச் சொல்லு" என்றார். சரி என்று சொல்லி வைத்துவிடலாம். தினமும் அங்கேதான் வைப்பேன். வாய் திறந்தது திறந்தபடி இருக்கும்போதே வந்துவிடட்டும் என்று தோன்றியது. "அப்பா, அன்னைக்குக் கடையில பாட்டில் இருக்குன்னு அம்மாகிட்ட சொன்னது நான்தாம்ப்பா." "தெரியும் தாயி" என்றார். எப்படி என்று கேட்டேனா, கேட்க நினைத்தேனா தெரியாது, அவரே சொன்னார். "மத்தியானம் கடைக்கு வந்து பாத்தா தூக்குவாளி இருக்கு, பாட்டிலு மூடியிருக்கு. கடை தொறந்திருக்கையில நான் ஒரு நாளும் அத மூடுனது கெடையாது. மூடியே எங்க கெடந்துச்சுன்னு எனக்கு ஞாபகம் இல்ல, நீ தேடி எடுத்துப் போட்டிருக்க." கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது, இருமலாகவும் இருக்கலாம். "அம்புட்டு இறுக்கம். கட்டிங் பிளேயர் போட்டுல்ல தொறந்தேன்."